ஒரு 'ட்' குறைந்தால் உப்பே வேறு!

வேதியியல் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சேர்மங்களின் பெயர், வாய்ப்பாடு பற்றியவை. 32 வருடம் வகுப்பிலும் ஆய்வகத்திலும் நின்றவள் நான். நடத்தியதில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான். அதனால் பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சின்ன விஷயம்: வாய்ப்பாடுகளைத் தமிழ் எழுத்தில், வாயால் சொல்கிறபடியே அச்சிட்டிருக்கிறோம். ஒரு தனிமம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சிறு கோடு இருக்கும். உங்கள் நோட்டில் அந்தக் கோடு வேண்டாம்.

டீச்சர், புத்தகத்தில் சோடியம் சல்பைடு, சோடியம் சல்பைட்டு, சோடியம் சல்பேட்டு என்று மூன்று வருகிறது. முதல் இரண்டும் ஒன்றுதானா? அச்சுப் பிழையா?
(பத்தாம் வகுப்பு மாணவி)

அச்சுப் பிழை இல்லை அம்மா. மூன்றும் மூன்று பொருள். 'படு' என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் 'பட்டு' என்று சொல்லுங்கள். ஒற்றை ட மெலிந்து ஒலிக்கிறது, இரட்டித்தால் அழுத்தமாக விழுகிறது. சல்பைடுக்கும் சல்பைட்டுக்கும் அதே வித்தியாசம்தான். சில புத்தகங்கள் 'சல்பைட்' என்று வெட்டி முடித்துவிடுகின்றன. அதை எப்படிப் படிப்பது? அப்படி எழுதுவதை நான் என் மாணவர்களுக்கு அனுமதித்ததே இல்லை. வாலை முழுசாக எழுது என்பேன், ஏனென்றால் விஷயமெல்லாம் வாலில்தான் இருக்கிறது.

'ஐடு' என்று முடிந்தால் கந்தகம் மட்டும், ஆக்சிஜன் கிடையாது: என்ஏ2-எஸ். 'ஐட்டு' என்றால் கந்தகத்தோடு மூன்று ஆக்சிஜன்: என்ஏ2-எஸ்-ஓ3. 'ஏட்டு' என்றால் நான்கு: என்ஏ2-எஸ்-ஓ4. மூன்று அயனிக்கும் (அயனி என்றால் மின்சுமை ஏறிய அணு அல்லது அணுக் கூட்டம்) மின்சுமை எதிர் இரண்டுதான், அதனால் சோடியம் மூன்றிலும் இரண்டாகவே நிற்கிறது. மாறுவது ஆக்சிஜன் மட்டும்.

இந்த வால் எனக்கு எப்போது உறைத்தது என்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆய்வக அலமாரியின் கீழ்த்தட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஒரு பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் அகப்பட்டது. உள்ளே வெள்ளைத் தூள். லேபிளில் 'சோடியம் சல்ப்' வரை தெரிந்தது. மீதி அமிலப் புகை பட்டு மஞ்சளாகி உதிர்ந்துபோயிருந்தது. ஆய்வக உதவியாளர் பெரியவர், அனுபவசாலி. "தூக்கிப் போடாதீங்க, கேட்டுப் பாத்துடலாம்" என்றார். பொருளிடமே கேட்பது என்று அர்த்தம்.

ஒரு சிட்டிகையைச் சோதனைக் குழாயில் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலு சொட்டு விட்டார். சல்பைடாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அந்த வாயு நஞ்சு. சல்பேட்டாக இருந்தால் ஒன்றுமே நடக்காது. எங்கள் குழாயில் நுரைத்தது. தூரத்தில் பிடித்துக் கையால் லேசாக விசிறினார். தீக்குச்சி உரசினதும் மூக்கில் ஏறுமே, அந்த நெடி, சல்பர் டை ஆக்சைடு. பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாளைக் குழாயின் வாயில் காட்டினார். ஆரஞ்சு நிறம் பச்சையாகிவிட்டது. சரி, சல்பைட்டு.

நான் லேபிள் எழுதப் பேனாவை எடுத்தேன். "இருங்க" என்றார். அமிலத்தை இன்னும் கொஞ்சம் விட்டு, வாயு முழுவதும் போகும்வரை சூடாக்கி, அந்தக் கரைசலில் பேரியம் குளோரைடு விட்டார். அடியில் பால் போல வெள்ளை வீழ்படிவு, அமிலத்திலும் கரையவில்லை. அது சல்பேட்டின் அடையாளம். பாட்டிலின் மூடி சரியாக இறுகாமல் இருந்திருக்கிறது. சல்பைட்டு பல வருடமாகக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்து எடுத்து, ஒரு பகுதி சல்பேட்டாகவே மாறிவிட்டது. 'சோடியம் சல்பைட்டு, பழையது, சல்பேட்டு கலந்தது' என்று எழுதி ஒட்டினோம். பெயரின் வால் மாறியதை அலமாரிக்குள்ளேயே பார்த்த நாள் அது.

உயிர் சம்பந்தப்பட்ட உதாரணமும் உண்டு. பேரியம் சல்பேட்டு நீரிலும் கரையாது, வயிற்று அமிலத்திலும் கரையாது. எக்ஸ்ரேயில் குடல் தெளிவாகத் தெரிவதற்காக அதை நோயாளிக்கே குடிக்கக் கொடுக்கிறார்கள். பேரியம் சல்பைடு வயிற்று அமிலம் பட்டதும் பேரியம் அயனியை வெளியே விட்டுவிடும், கொடிய நஞ்சு.

ஒரு எச்சரிக்கை. 'ஏட்டு' என்றால் எப்போதும் நான்கு ஆக்சிஜன் என்று நினைத்துவிடாதீர்கள். நைட்ரேட்டில் மூன்றுதான், நைட்ரைட்டில் இரண்டு. வால் சொல்வது எண்ணிக்கையை அல்ல, ஒரே குடும்பத்தில் எது கூட, எது குறைவு என்பதைத்தான். 'ஐடு' என்றால் எதிர் அயனியில் ஒரே தனிமம்தான் என்பதற்கும் விதிவிலக்கு இருக்கிறது: ஹைட்ராக்சைடு, சயனைடு இரண்டு அயனியிலும் ஒன்றுக்கு மேற்பட்ட தனிமங்கள் உண்டு.

சோடியத்துக்கு ஏன் 'என்ஏ'? இரும்புக்கு ஏன் 'எஃப்இ'? பேருக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லையே!
(ஒன்பதாம் வகுப்பு மாணவர்)

சம்பந்தம் இருக்கிறது தம்பி, லத்தீனில் இருக்கிறது. நேட்ரியம், ஃபெர்ரம். அதே மாதிரி பொட்டாசியம் கேலியம், ஈயம் ப்ளம்பம், வெள்ளி அர்ஜென்டம். பாதரசம் ஹைட்ரார்ஜிரம், நீர்வெள்ளி என்று பொருள், பார்த்தவர் வைத்த பெயர்.

இந்த எழுத்துக் குறியீடுகளுக்கு முன்னால் ஜான் டால்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் தனிமங்களை வட்டங்களால் எழுதினார். வெறும் வட்டம் ஆக்சிஜன், நடுவில் புள்ளி வைத்தால் ஹைட்ரஜன், கறுப்பு வட்டம் கார்பன். படமாகப் பார்க்க அழகு, அச்சுக் கோப்பவருக்கோ பெரிய தொல்லை. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்சீலியஸ் 1813-14 வாக்கில் எழுத்துகளையே குறியீடாக்கினார். எந்த அச்சகத்திலும் இருக்கிற எழுத்து, எந்த நாட்டுக்காரரும் படிக்கிற எழுத்து. அணுக்களின் எண்ணிக்கையை அவர் எழுத்துக்கு மேலே போட்டார், பிறகுதான் அது கீழே இறங்கியது.

உங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல வேண்டியது வேறு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது, அதனால் நம் பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. 'சி' பெரிதாகவும் 'ஓ' சிறிதாகவும் இருந்தால் அது கோபால்ட், ஓர் உலோகம். இரண்டும் பெரிதாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு, மூச்சை நிறுத்துகிற வாயு. முதல் எழுத்து பெரிது, இரண்டாவது எழுத்து சிறிது. கை வேகத்தில் எழுதும்போதும் இதைத் தளர்த்தக் கூடாது.

என் மகன் இணைதிறன் அட்டவணையை ஒப்பித்துவிடுகிறான். மக்னீசியம் ஆக்சைடை 'எம்ஜி2-ஓ2' என்று எழுதினான், தவறு என்று மதிப்பெண் போய்விட்டது, சுருக்கி எழுத வேண்டுமாம். அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடு எச்2-ஓ2 வந்தது. இவன் சுருக்கி 'எச்-ஓ' என்று எழுதினான். அதுவும் தவறு! ராத்திரி முழுக்க அழுதான். எதைச் சுருக்குவது, எதைச் சுருக்கக் கூடாது?
(ஒரு தாய்)

அழ வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். தனக்குச் சொல்லிக்கொடுத்த விதியை அவன் அப்படியே செய்திருக்கிறான். விதிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

குறுக்கே மாற்றிப் போடும் முறையில் தொடங்குவோம். அலுமினியத்தின் மின்சுமை நேர் மூன்று, ஆக்சிஜனின் மின்சுமை எதிர் இரண்டு. மூன்றை ஆக்சிஜனுக்குக் கீழும் இரண்டை அலுமினியத்துக்குக் கீழும் போட்டால் ஏஎல்2-ஓ3. இது மந்திரம் இல்லை. இரண்டு அலுமினியம் சேர்ந்தால் நேர் ஆறு, மூன்று ஆக்சிஜன் சேர்ந்தால் எதிர் ஆறு. கணக்கு நேராகிவிட்டது. ஒவ்வொரு முறையும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், குறுக்கே மாற்றுவதை மறந்தாலும் பரவாயில்லை.

மக்னீசியம் நேர் இரண்டு, ஆக்சிஜன் எதிர் இரண்டு. ஒன்றுக்கு ஒன்று போதும். மக்னீசியம் ஆக்சைடு என்ற திடப்பொருளுக்குள் 'ஒரு மூலக்கூறு' என்று தனியாக எடுத்துக் காட்ட எதுவுமே இல்லை. அயனிகள் மாறி மாறி எல்லாத் திசையிலும் அடுக்கியிருக்கின்றன. வாய்ப்பாடு அங்கே விகிதத்தை மட்டும் சொல்கிறது. அதனால் சுருக்குகிறோம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு அப்படி இல்லை. அது தனித்தனி மூலக்கூறு. இரண்டு ஆக்சிஜன் கைகோத்து நடுவில் நிற்க, இரு பக்கமும் ஒவ்வொரு ஹைட்ரஜன். உள்ளே நான்கு அணு இருக்கிறது, நான்கையும் எழுதித்தான் ஆக வேண்டும். 'எச்-ஓ' என்று எழுதினால் மூலக்கூறை நடுவில் உடைத்துவிட்டோம்.

அவன் கெட்டிக்காரனாக இருந்தால் அடுத்து கேட்பான்: "சோடியம் பெராக்சைடு அயனிச் சேர்மம்தானே, அதை ஏன் என்ஏ2-ஓ2 என்றே விடுகிறோம்?" அங்கேயும் இரண்டு ஆக்சிஜன் பிணைந்து ஒரே அயனியாக இருக்கிறது. ஜோடியைப் பிரிக்கக் கூடாது. மெர்குரஸ் குளோரைடு எச்ஜி2-சிஎல்2 என்று இருப்பதும் இதே காரணத்தால்தான், அங்கே ஜோடி சேர்ந்திருப்பது பாதரசம்.

சுருக்குவதற்கு முன்னால் ஒரே கேள்வி: இது விகிதமா, உள்ளே நிஜமாகவே இத்தனை அணு பிணைந்திருக்கிறதா? இதைக் கேட்கப் பழகிவிட்டால் அட்டவணையை ஒப்பிக்கிற வேலை பாதியாகக் குறையும். இன்னொன்றும் சொல்கிறேன். மகன் சொன்ன 'எச்-ஓ' தண்ணீருக்கே ஒரு காலத்தில் வாய்ப்பாடாக இருந்தது. டால்டன் தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்றுதான் நினைத்தார். அணுக்களின் எண்ணிக்கையைச் சரியாகப் பிடிக்க வேதியியலுக்கே பல பத்தாண்டுகள் ஆயின. இதை மகனிடம் படித்துக் காட்டுங்கள்.

கார்பன் மோனாக்சைடு, டை ஆக்சைடு என்கிறோம். ஆனால் சோடியம் மோனோகுளோரைடு என்று ஏன் சொல்வதில்லை?

சோடியமும் குளோரினும் சேர்ந்தால் ஒன்றுக்கு ஒன்றுதான், வேறு வழியில்லை. எண்ணைச் சொல்லித் தெரிய வேண்டியது ஒன்றும் இல்லை. அலோகமும் அலோகமும் சேரும்போது பல விதமாகச் சேரலாம். நைட்ரஜனும் ஆக்சிஜனும் மட்டுமே என்-ஓ, என்-ஓ2, என்2-ஓ, என்2-ஓ3, என்2-ஓ4, என்2-ஓ5 என்று ஆறு ஆக்சைடு தருகின்றன. 'நைட்ரஜன் ஆக்சைடு' என்று மொட்டையாகச் சொன்னால் எது? அதனால்தான் மோனோ, டை, ட்ரை, டெட்ரா, பென்டா. முதல் தனிமம் ஒன்றே ஒன்றாக இருந்தால் அதற்கு மோனோ போட வேண்டாம்.

ஃபெர்ரஸ், ஃபெர்ரிக் என்று படித்தோம். இப்போது இரும்பு (2), இரும்பு (3) என்று (புத்தகத்தில் ரோமன் எண்ணில்) எழுதுகிறார்கள். எதற்கு இந்த மாற்றம்? அந்த 3 என்பது மூன்று இரும்பா?
(கல்லூரி முதலாண்டு மாணவர்)

இல்லை, மூன்று இரும்பு இல்லை. அது ஒரு இரும்பு அணுவின் ஆக்சிஜனேற்ற எண், அதாவது சேர்மத்தில் அந்த அணுவுக்குக் கணக்கில் வரும் மின்சுமை. இரும்பு (3) ஆக்சைடின் வாய்ப்பாடு எஃப்இ2-ஓ3. அடைப்புக்குறியில் 3, கீழே 2. இந்த இடத்தில் தடுக்கி விழாத மாணவரை நான் பார்த்ததில்லை, உங்களுக்கும் வெட்கம் வேண்டாம்.

பழைய முறையில் 'அஸ்' என்றால் குறைந்தது, 'இக்' என்றால் கூடியது. எவ்வளவு என்று சொல்லாது. ஃபெர்ரஸ் என்றால் இரண்டு, தாமிரத்தில் குப்ரஸ் என்றால் ஒன்று. ஒவ்வொரு உலோகத்துக்கும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். மாங்கனீசு மாதிரி இரண்டுக்கு மேல் எண் உள்ள உலோகத்துக்கு இரண்டு வால் எப்படிப் போதும்? ஆல்ஃபிரட் ஸ்டாக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1919-இல் எண்ணையே எழுதிவிடலாம் என்றார். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். நேரடியாகப் பேசுகிறது.

எண் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சித்த மருத்துவ நூல்களில் வரும் இரண்டு பெயர்கள் போதும்: பூரம், வீரம். இரண்டுமே பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை. பூரம் மெர்குரி (1) குளோரைடு, தண்ணீரில் கரைவதே அரிது. வீரம் மெர்குரி (2) குளோரைடு, தண்ணீரில் கரையும், கொஞ்சம் உள்ளே போனாலே ஆளைக் கொல்லும். பூரமும் பாதுகாப்பானது இல்லை, கையில் எடுத்து விளையாடாதீர்கள். நான் சொல்ல வந்தது, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரத்தை. அந்த எண்ணை எழுதச் சொன்ன ஸ்டாக்கே ஆய்வகப் பாதரச ஆவியைப் பல வருடம் சுவாசித்து உடல் கெட்டவர். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு, மற்றவர்களை எச்சரிப்பதற்காக 1926-இல் அதை விரிவாக எழுதினார். அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் 'அரை தண்ணீர்' என்று போட்டிருக்கிறதே, தண்ணீர் மூலக்கூறைப் பாதியாக வெட்ட முடியுமா?

முடியாது. இரண்டு கால்சியம் சல்பேட்டுக்கு ஒரு தண்ணீர் என்று படியுங்கள். ஒன்றுக்கு எவ்வளவு என்று விகிதமாக எழுதும்போது அரை வருகிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் என்று ஏற்றுக்கொண்டு ஜிப்சமாக இறுகிவிடும். எலும்பு முறிவுக்குப் போடும் கட்டு கெட்டியாவது இதனால்தான்.

மயில்துத்தம், பால்துத்தம், அன்னபேதி, நவச்சாரம், வெங்காரம் என்று நமக்கு அழகான பெயர்கள் இருக்கும்போது எதற்கு இந்த நீளப் பெயர்கள்?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

ஐயா, அந்தப் பெயர்கள் எனக்கும் பிரியமானவை. மயில் கழுத்து நிறத்தை ஒரே சொல்லில் பிடித்துவிட்டார்கள்! ஒரு சங்கதியைக் கவனித்தீர்களா? மயில்துத்தம் தாமிர சல்பேட்டு, பால்துத்தம் துத்தநாக சல்பேட்டு. இரண்டும் சல்பேட்டு, இரண்டுக்கும் 'துத்தம்' என்ற குடும்பப் பெயர். நம் முன்னோர் பாதி வழி வந்துவிட்டார்கள். ஆனால் இரும்பு சல்பேட்டும் அதே குடும்பம், அதன் பெயர் அன்னபேதி. பெயரைப் பார்த்தால் உறவு தெரியவில்லை.

எல்லா மொழியிலும் இதே நிலைமைதான் இருந்தது. ஐரோப்பாவில் 'ஈயச் சர்க்கரை' என்று ஒன்று, ஈய அசிட்டேட்டு. நாக்கில் இனிக்கும், ஆனால் நஞ்சு. 'ஆன்டிமனி வெண்ணெய்' என்று இன்னொன்று, அது தோலை அரிக்கும். கிட்டோன் த மோர்வோ, லவாய்சியர், பெர்த்தோலே, ஃபூர்க்ருவா ஆகிய நான்கு பிரெஞ்சுக்காரர்கள் 1787-இல் சேர்ந்து ஒரு முறையை வெளியிட்டார்கள்: ஒரு பொருள் எவற்றால் ஆனதோ அதையே அதன் பெயர் சொல்ல வேண்டும். 'ஐட்டு', 'ஏட்டு' வால்களெல்லாம் அவர்கள் தந்தவை. அவர்களும் தவறினார்கள். ஆக்சிஜன் என்றால் 'அமிலத்தை உண்டாக்குவது' என்று பொருள், எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று லவாய்சியர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்பது ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியால் 1810-இல் தெளிவானது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மயில்துத்தத்தை விட வேண்டாம் ஐயா, பேச்சில் இருக்கட்டும். ஆனால் அந்தப் பெயரை வைத்து அதற்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. 'தாமிர (2) சல்பேட்டு, ஐந்து நீர்' என்றால் அதை ஒருமுறைகூடப் பார்த்திராதவரும் வாய்ப்பாட்டை எழுதி, எடையைக் கணக்கிட்டு, தராசில் நிறுத்துவிடலாம். ஒரு மோலுக்கு (பொருளின் அளவை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் அலகு) சுமார் 249.7 கிராம். அந்த ஐந்து நீரை மறந்தால் 159.6 கிராம்தான் வரும், கரைசல் கெட்டுப்போகும்.

டீச்சர், அலுமினியம் சல்பேட்டு வாய்ப்பாட்டை நானாகவே எழுதினேன், சரிபார்த்துச் சொல்லுங்கள்: ஏஎல்2-எஸ்-ஓ43.
(எட்டாம் வகுப்பு மாணவி)

கணக்கு முழுக்கச் சரி கண்ணு! அலுமினியம் நேர் மூன்று, சல்பேட்டு எதிர் இரண்டு, அதனால் இரண்டுக்கு மூன்று என்று சரியாகப் பிடித்துவிட்டாய். அடைப்புக்குறியை மட்டும் விட்டுவிட்டாய். இப்போது அதை வாய்விட்டுப் படி. ஓ நாற்பத்து மூன்று! சல்பேட்டு முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வைத்து வெளியே 3 போடு: ஏஎல்2-(எஸ்-ஓ4)3. இப்போது எண்ணு. அலுமினியம் 2, கந்தகம் 3, ஆக்சிஜன் 12, மொத்தம் 17 அணு. அடுத்து கால்சியம் பாஸ்பேட்டை எழுதி அனுப்பு. கால்சியம் நேர் இரண்டு, பாஸ்பேட்டு பி-ஓ4, எதிர் மூன்று.